இணையவழியில் உயிரியல் படிக்கிறேன். கைப்பழக்கத்துக்கு எங்கே போவது?

கேள்வி
பதிந்தவர்: உசிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள் நான், வயது 23. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்தும், வீட்டுச் சூழலால் கல்லூரியில் சேர முடியாமல் போய்விட்டது. இப்போது மதுரையில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடும் வேலையில் இருக்கிறேன். நாள்தோறும் ஆரப்பாளையம் வரை போய்வரும் பேருந்துப் பயணத்தில், மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாக உயிரணு உயிரியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் என்று மூன்று பாடங்களைக் கைப்பேசியிலேயே படித்து, தேர்வும் எழுதிச் சான்றிதழ் பெற்றிருக்கிறேன்.

சென்ற மாதம், மதுரைக்கு வெளியே இயங்கும் ஒரு வாழைத் திசு வளர்ப்பு நிலையத்தில் (செடியின் சிறு துண்டிலிருந்து கன்று வளர்க்கும் இடம்) உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னேன். அதன் பிறகு, மிகச் சிறிய அளவு திரவத்தை உறிஞ்சி விடும் கருவியான மைக்ரோபிப்பெட் ஒன்றையும் நீல நிறக் கரைசலையும் என் முன்னால் வைத்து, ஐந்து சிறு குழாய்களில் இருபது இருபது மைக்ரோலிட்டர் (மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோலிட்டர்) விடும்படி கேட்டார்கள். பொத்தானை அடிவரை அழுத்திக் கரைசலில் தோய்த்து, சட்டென்று விரலை எடுத்தேன். நுனியில் காற்றுக் குமிழி ஏறிற்று. ஐந்து குழாய்களிலும் ஐந்து விதமான மட்டம். தேர்வு நடத்திய அம்மையார் ஒன்றும் கடிந்து பேசவில்லை. குழாய்களை வரிசையாக நிறுத்தி என் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான்.

வேலையை விட முடியாது. ஞாயிறும், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளும் எனக்கு ஓய்வு. பத்தாயிரம் ரூபாய் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். மெய்நிகர் ஆய்வகத் தளங்களில் சோதனைகளைச் செய்து பார்த்துவிட்டேன். எதற்குப் பின் எது என்ற வரிசை மனத்தில் பதிகிறதே தவிர, திரையில் சொடுக்கும்போது எதுவும் சிந்துவதில்லை, எதுவும் உடைவதில்லை. படிப்பை இணையத்தில் தொடர்ந்துகொண்டே கையையும் பழக்குவதற்கு மதுரை வட்டாரத்தில் வழி இருக்கிறதா? பட்டம் பெறுவதற்கும் இதே பாதை உதவுமா?

மறுமொழி 1
பதிந்தவர்: ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர், மதுரை

ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நீங்கள் செய்த பிழை, அம்மா, முதுகலை மாணவர்களும் முதல் வாரத்தில் செய்கிற பிழைதான். மைக்ரோபிப்பெட்டின் பொத்தானை அழுத்தும்போது விரல் இரண்டு இடங்களில் தடைபடும். முதல் தடை குறித்த அளவுக்கு உரியது. அதையும் தாண்டி அழுத்தினால் வருகிற இரண்டாம் தடை, நுனியில் ஒட்டி நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளுவதற்கு மட்டுமே உரியது. நீங்கள் இரண்டாம் தடைவரை அழுத்தி உறிஞ்சியதால் அளவுக்கு மேல் ஏறியது. விரலைச் சட்டென்று விட்டதால் காற்றும் சேர்ந்து ஏறியது. முதல் தடையில் நிறுத்தி, நுனியை நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் தோய்த்து, விரலை மெதுவாகத் தளர்த்தி, ஒரு நொடி பொறுத்து வெளியே எடுக்க வேண்டும். விடும்போது குழாயின் உட்சுவரில் நுனியைச் சாய்த்து வைத்து விட வேண்டும்.

இதைப் பழக ஆய்வகமே தேவையில்லை. நூறு மைக்ரோலிட்டர் மட்டும் எடுக்கக்கூடிய நிலை அளவுப் பிப்பெட் உங்கள் பரிசோதனை நிலையத்திலேயே புழக்கத்தில் இருக்கும். அந்த வகையில் புதிதாக ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அளவு மாற்றக்கூடியதைவிட விலை குறைவு. நோயாளிகளின் மாதிரிகளுக்குப் பயன்பட்டதை இரவல் வாங்க வேண்டாம். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு நகைக்கடையில் இருக்கும். தெற்காவணி மூல வீதியில் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், கூட்டம் இல்லாத பிற்பகலில் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மூடியுள்ள ஒரு சிறு புட்டியைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நூறு மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீரை விட்டு, மூடி எடை பாருங்கள். நம் ஊரின் முப்பது பாகை வெப்பத்தில் ஒரு மில்லிலிட்டர் நீரின் எடை 0.9957 கிராம், ஆகவே உங்களுக்கு 99.6 மில்லிகிராம் அளவில் வர வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்றில் தராசின் கடைசி இலக்கம் நில்லாமல் ஆடும். மூடியை மறந்தால் மதுரை வெயிலில் நீர் ஆவியாகி, எடை கண்ணெதிரே இறங்கும்.

பத்து முறை விட்டுப் பத்து எடைகளையும் நோட்டில் எழுதுங்கள். சராசரி சரியாக இருந்து எண்கள் சிதறிக் கிடந்தால் குறை கையில்; எண்கள் நெருக்கமாக இருந்து சராசரி விலகியிருந்தால் குறை பெரும்பாலும் கருவியில், அல்லது நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்கிற ஒரு தவறில். பத்து எண்களும் இரண்டு மில்லிகிராம் இடைவெளிக்குள் அடங்கும்வரை எந்த மாணவரின் பதிவேட்டையும் நான் பேராசிரியரின் கையொப்பத்துக்குக் கொண்டு போனதில்லை. அதற்காக என்னைத் திட்டியவர்கள் பலர்.

நோட்டில் தப்பிய எண்ணை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மதுரைக் கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் துறைத் தலைவர்களை நேரில் போய்ப் பாருங்கள். ‘எனக்குப் பயிற்சி தாருங்கள்’ என்று கேட்டால், யோசிப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘இரண்டு சனிக்கிழமைகள் வந்து கண்ணாடிக் கலங்களைக் கழுவி, கரைசல் தயாரிக்க உதவுகிறேன், மாணவர்கள் உயிரணுப் பிரிவைப் பார்க்கும் வெங்காய வேர்நுனிச் சோதனை செய்யும் நாளில் நானும் ஒரு கண்ணாடிச் சிலைடு செய்து பார்க்க அனுமதி தாருங்கள்’ என்று கேட்டால், பத்துப் பேரில் ஒருவராவது சம்மதிப்பார். வேர்நுனிச் சோதனையைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சின்ன வெங்காயத்தை நீரில் வேர்விட வைப்பதை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வேரை நிலைப்படுத்த எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் வேண்டும், எத்தனாலைத் தனி ஆள் அவ்வளவு எளிதில் வாங்க முடியாது. வேரை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடான கவர் ஸ்லிப்பின் மேல் வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேர் கீழாக அழுத்த வேண்டும். ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்ந்தாலும் உயிரணுக்கள் உருண்டு சுருண்டுவிடும். பதினாறு குரோமோசோம்களும் பிரிந்து கிடப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அந்தக் கட்டைவிரலின் அழுத்தம் பிறகு மறக்காது.

மறுமொழி 2
பதிந்தவர்: திருமங்கலம் தொலைநிலை மாணவன்

பட்டம் குறித்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆய்வகப் பாடம் கட்டாயமாக உள்ள பட்டங்களை முழுக்க இணையவழியில் நடத்துவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் இடம் தரவில்லை. எனவே ‘வீட்டிலிருந்தே முழு பி.எஸ்சி. உயிரியல்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்புக்கு ஒப்புதல் உண்டா என்று மானியக் குழுவின் தளத்தில் பார்த்துவிடுங்கள். நான் அப்படிப் பார்க்காமல் ஓர் இடத்தில் முன்பணம் கட்டி, அதைத் திரும்பப் பெற ஏழு மாதம் அலைந்தேன்.

தொலைநிலைப் படிப்பு வேறு. இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் எழுத்துப் பாடங்களை வீட்டில் படித்துவிட்டு, செய்முறைக்குக் கல்வி மையத்துக்கு நேரில் போக வேண்டும். அந்த வருகை கட்டாயம். இக்னோவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் ஆய்வகப் பாடம் என்றால் 120 மணி நேரம். செய்முறை வகுப்புகளைத் தொடர்ச்சியாகப் பல நாள் வைக்கிறார்களா, வார இறுதிகளில் வைக்கிறார்களா, எந்த ஊரில் வைக்கிறார்கள் என்பதைச் சேர்வதற்கு முன்பே மையத்தில் கேட்டு, உங்கள் விடுப்போடு ஒத்துப் பாருங்கள். வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் படிப்பை விடுகிறார்கள், பாடத்தின் கடினத்தால் அல்ல. பிற்காலத்தில் வழக்கமான கல்லூரி ஒன்றில் சேர்ந்தால், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக முடிக்க 2021-ஆம் ஆண்டு விதிமுறை அனுமதிக்கிறது; ஆனால் நீங்கள் ஏற்கெனவே படித்தவை அதில் சேருமா என்பது அந்தக் கல்லூரியின் முடிவு.

மறுமொழி 3
பதிந்தவர்: வாடிப்பட்டி காளான் பண்ணை

திசு வளர்ப்புதான் உங்கள் நோக்கம் என்றால், கிருமியில்லாமல் வேலை செய்யும் பழக்கம்தான் அதற்கு உயிர். அதை நான் கற்றது கல்லூரியில் அல்ல, காளான் வித்து (வேகவைத்த தானியத்தில் படரவிட்ட காளான் இழை) தயாரிப்பில். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான் பயிற்சி எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பிறகு வீட்டில் நீங்களே ஐந்து பைகள் வித்து போட்டுப் பாருங்கள். சோளத்தை அரைவேக்காடாக வேகவைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பையில் முக்கால் அளவுக்கும் குறைவாக நிரப்பிப் பஞ்சால் அடைத்துக் குக்கரில் வைக்க வேண்டும். வீட்டுக் குக்கரின் முழு அழுத்தத்தில் வெப்பம் ஏறக்குறைய 121 பாகை வரை போகும், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் ஆய்வகக் கலனான ஆட்டோகிளேவின் அதே வெப்பம். ஆனால் பதினைந்து நிமிடத்தில் நீர்க்கரைசல் தூய்மையாகுமே தவிர, தானியத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் கிருமிகளின் வித்துகள் சாகா. நான் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைத்ததில்லை. இடையில் தண்ணீர் வற்றாமல் இருக்கப் பெரிய குக்கரும் சிறு தீயும் வேண்டும்.

பிறகு கதவை அடைத்து, விசிறியை நிறுத்தி, விளக்குச் சுடருக்கு அருகில் பஞ்சைத் திறந்து தாய் வித்தை (ஏற்கெனவே காளான் படர்ந்த தானியத்தை) இட வேண்டும். பதினைந்து நாளில் பை முழுக்க வெண்மையாகப் படர்ந்தால் தேறிவிட்டீர்கள். பச்சைத் திட்டு தெரிந்தால் டிரைக்கோடெர்மா என்ற வேண்டாத பூஞ்சை நுழைந்துவிட்டது. என் முதல் பன்னிரண்டு பைகளில் ஒன்பது பச்சை. எந்தப் பையைத் திறக்கும்போது பேசினேன், எதற்கு முன் கையைத் துடைக்க மறந்தேன் என்று எழுதி வைக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணிக்கை குறைந்தது.

மறுமொழி 4
பதிந்தவர்: நுண்ணுயிரியல் ஆசிரியை

மேலே சொன்னவற்றில் எனக்குப் பெரிதும் உடன்பாடே, ஆனால் ஓர் எல்லையைச் சொல்லாமல் விட முடியவில்லை. காளான் வித்தில் நீங்கள் வளர்ப்பது பெயர் தெரிந்த, உண்ணக்கூடிய பூஞ்சை. அந்தத் துணிவில் கைரேகையையும் கதவுப்பிடியையும் சத்து ஊடகத்தில் ஒற்றி வீட்டில் வளர்க்கத் தொடங்காதீர்கள். காணொளிகளில் அது விளையாட்டாகக் காட்டப்படுகிறது. தட்டில் வளர்ந்தது எது என்று தெரியாத நிலையில், ஒற்றைக் கிருமி கோடிக்கணக்கில் பெருகி நிற்கிற அந்தத் தட்டை உங்கள் சமையலறையில் திறப்பது நல்லதல்ல. பச்சை படர்ந்த காளான் பைகளைக்கூட வீட்டுக்குள் பிரிக்காமல், திரும்பக் குக்கரில் வேகவைத்த பிறகே கொட்டுங்கள். அந்தக் குக்கரில் இனிச் சோறு வடிக்கக் கூடாது. வேலையிடத்தில் இரத்த மாதிரிகளை ஆர்வத்தால்கூடத் தொடாதீர்கள். தொற்று ஒரு காரணம். அவை இன்னொருவர் நம்பிக் கொடுத்தவை என்பது அடுத்த காரணம். ஆனால் தொழில்நுட்பர் கருவியைச் சரிபார்க்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்கலாம்.

கிருமி வளர்க்கும் மூடித் தட்டில் ஊடகத்தை ஊற்றும் கைப்பழக்கத்துக்கு, ஆறினால் கூழாக உறையும் வெறும் அகர் போதும், ஊட்டச்சத்து எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் கடற்பாசியே அகர்தான். மண்டபம் கடலோரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து மதுரைப் பக்கத்து ஆலைகளில் அகர் எடுக்கிறார்கள், நாம் அதைத் தொலைதூரப் பொருளாக நினைத்துக்கொள்கிறோம். நூறு மில்லிலிட்டர் நீருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை போட்டுக் கொதிக்க வைத்து, குடுவையை மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பொறுக்க முடிகிற சூட்டுக்கு, ஏறக்குறைய 50 பாகைக்கு ஆறவிடுங்கள். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். நாற்பதை நெருங்கவிட்டால் குடுவையிலேயே கட்டி தட்டும். மூடியை முழுதாக எடுக்காமல், சிப்பி வாய் திறப்பதுபோல ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஊற்றிப் பழகுங்கள். மேற்பரப்பு சமமாக, குமிழியில்லாமல் பத்துத் தட்டுகள் வந்தால், அந்தக் கையை எந்த ஆய்வகத்திலும் நம்பி வேலை கொடுப்பார்கள்.

பதிந்தவர்: உசிலை மாணவி (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

ஐயாவுக்கும், அக்காவுக்கும், அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. மாமாவுக்குத் தெரிந்த நகைப் பட்டறையில் தராசு கிடைத்தது. முதல் ஞாயிறு பத்து எடைகள்: மிகக் குறைந்தது 88 மில்லிகிராம், மிகக் கூடியது 109. பட்டறைக்காரர் சிரித்துவிட்டு, தங்கம் என்றால் இந்நேரம் கடை கவிழ்ந்திருக்கும் என்றார். மூன்றாம் ஞாயிறு பத்தும் 97-க்கும் 99-க்கும் இடையில் நின்றன. சிதறல் அடங்கிவிட்டது, ஆனால் சராசரி 98 மட்டுமே. நுனியை எடுப்பதற்கு முன் ஒரு நொடி பொறுப்பதை நான் இன்னும் விட்டுவிடுகிறேனா, பிப்பெட்டே குறைவாக எடுக்கிறதா என்று பார்க்க, அதே கருவியில் எங்கள் நிலையத்துத் தொழில்நுட்பர் அக்காவை அடுத்த ஞாயிறு பத்து முறை விடச் சொல்லியிருக்கிறேன். ஒத்தக்கடைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கல்லூரிகளில் இரண்டு இடங்களில் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில் தாவரவியல் துறைத் தலைவர் நோட்டை வாங்கி, கோடு போட்ட எண்களை மட்டும் நெடுநேரம் படித்துவிட்டு, வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேர்விட்ட சின்ன வெங்காயங்களோடு வரச் சொல்லியிருக்கிறார். ஐயா, வெங்காயத்தை எத்தனை நாளுக்கு முன்பு நீரில் வைக்க வேண்டும்?

பதிந்தவர்: ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர், மதுரை

புதன்கிழமையே வைத்துவிடுங்கள், அம்மா. நீர் அடிப்பகுதியை மட்டும் தொட வேண்டும், தினமும் மாற்றுங்கள். ஆறு வெங்காயமாவது வையுங்கள், இரண்டு அழுகும். பேருந்தில் கொண்டு போகும்போது வேர் காயாமல் ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.