சிவப்பு திராட்சைக்கு நிறம் ஏறவில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் வல்லம், செம்மண் பூமி, போர் தண்ணீர். 30 சென்ட்டில் ஃபிளேம் சீட்லெஸ் என்ற விதையில்லா சிவப்பு ரகத்துக்குப் பந்தல் போட்டு இது மூன்றாவது வருஷம். ஜனவரி கடைசியில் கவாத்து செய்தேன், இப்போது அறுவடை நேரம். காய்ப்பில் குறையே இல்லை, நிறம்தான் வரவில்லை. குலையைக் கையில் எடுத்தால் தோள் பக்கத்துப் பழங்கள் மட்டும் சிவப்பு. உள்ளேயும் அடியிலும் வெளிறிய பச்சையில் லேசாக ரோஸ் படர்ந்திருக்கிறது. தின்றால் நல்ல இனிப்பு, பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) 17 காட்டுகிறது. வியாபாரியோ இன்னும் காய் என்று ஒதுக்கிவிட்டார். மனசு ஆறவில்லை.

தோலுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் வெக்கையில் சரியாக உருவாகாது, முக்கியமாக ராத்திரி சூடு தணியாவிட்டால். இங்கே ஏப்ரல், மே ராத்திரி எப்படி என்று உங்களுக்கே தெரியும். யூரியாவும் கூடிப்போய் இலை அடர்ந்து குலைகளை மூடிவிட்டது, அது என் தப்பு.

அடுத்த முறை கொடிக்குக் குலையைக் குறைத்து, நிறம் திரும்பும்போது குலையைச் சுற்றி இலை கிள்ளப் போகிறேன். நிறம் ஏற்றத் தெளிக்கும் ஹார்மோனான அப்ஸிசிக் அமிலம் தெளித்தவர்கள் எந்தப் பருவத்தில், எவ்வளவு தெளித்தீர்கள்? பழுக்க வைக்கும் மருந்தான எத்தஃபான் மலிவு, ஆனால் பழம் மெத்தென்று ஆகி உதிருமோ என்று பயம். அப்புறம், அக்டோபரில் கவாத்து செய்தால் நிறம் திரும்புவது தை மாதக் குளிரில் வரும். ஆனால் பூக்கிற சமயம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டுமே. ஈரத்தில் வரும் அடிச்சாம்பல் நோயைத் தாண்டி யாராவது டெல்டாவில் விளைச்சல் எடுத்திருக்கிறீர்களா?