வீட்டிலேயே சர்வர் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பது: தேவையா, வீண் வேலையா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகளும் ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் முதல் இலவச வரம்பை 15 ஜிபியோடு நிறுத்திக்கொண்டதிலிருந்து, பிள்ளைகளின் படங்களை வைத்திருப்பதற்கே மாதந்தோறும் பணம் கட்டுகிறேன். படிப்புக்கென்று மகள் திறக்கும் செயலிகளோ பாடத்தைக் காட்டுவதற்கு முன்பே கைப்பேசி எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்கின்றன. 2012-இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று பரணில் கிடக்கிறது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, வீட்டிலுள்ள மற்ற கருவிகளுக்குக் கோப்புகளைத் தரும் சர்வராக்கி, படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படிப்புக்குக் கிவிக்ஸும் கொலிப்ரியும் என்று எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். நான் கணினித் துறையில் இருப்பவன் அல்லன், ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். செய்து பார்த்தவர்களும், செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டவர்களும் உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மூலநிரல்:

தயங்காமல் செய்யுங்கள். பிள்ளைகளின் படிப்பிலிருந்தே தொடங்குகிறேன். கிவிக்ஸ் என்பது விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமே இல்லாமல் படிக்க உதவும் மென்பொருள். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபியைத் தாண்டும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவோ ஒரு பென் டிரைவிலேயே அடங்கிவிடும். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தக் கைப்பேசியிலும் உலாவியைத் திறந்து அதைப் படிக்கலாம். பக்கத்தில் விளம்பரமும் வராது, அடுத்த காணொளியும் தானாக ஓடாது. கொலிப்ரி என்னும் மென்பொருளோ கான் அகாடமி போன்ற பாடத் தொகுப்புகளை அதே முறையில் உள்ளே இறக்கித் தருகிறது. இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரைக்குமான விளையாட்டுப் பாடத் தொகுப்பான ஜிகாம்ப்ரி 2000-ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வருகிறது. பிரெஞ்சு மொழியில் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று சொன்னால் எப்படி ஒலிக்குமோ அதுதான் அதன் பெயர். உங்கள் மகனுக்கு 2002-இல் வெளிவந்த டக்ஸ் பெயின்ட் என்னும் ஓவிய மென்பொருள் போதும். அதைத் தமிழிலேயே இயக்கலாம்.

அந்தரங்கத்தைப் பற்றி ஒரு சொல். அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளை 49 நாடுகளில் ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் மனித உரிமை அமைப்பு 2022-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டின் தீக்ஷா செயலியும் குழந்தைகளின் இருப்பிடத் தகவலைத் திரட்டியதாக அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அரசுச் செயலியின் நிலையே இதுவென்றால் தனியார் செயலிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள்தான் இதற்கு மாற்று.

நள்ளிரவுப்பணி:

பதினான்கு ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரிப்பதே என் தொழில் என்பதாலேயே இதை எதிர்க்கிறேன். முதலில் நண்பர் மூலநிரலின் வாதத்தில் உள்ள ஓட்டையைச் சொல்லிவிடுகிறேன். தீக்ஷா கட்டப்பட்டிருப்பதே சன்பேர்ட் என்னும் திறந்த மூல மென்பொருளின் மீதுதான். அதன் நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருந்ததால் குழந்தைகளின் தகவல் பாதுகாப்பாக இருந்துவிட்டதா? உரிமம் என்பது வேறு, தகவல் யார் கையில் இருக்கிறது என்பது வேறு. இவை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்காதீர்கள்.

அடுத்தது மின்சாரம். பழைய மேசைக்கணினி சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 60 வாட் இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 86 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. அதில் பெரும்பகுதியை அந்தப் பெட்டியே விழுங்கிவிடும். போட்டோஸ் கட்டணத்தை மிச்சப்படுத்தப் போய் மின்கட்டணத்தில் மேல் அடுக்குக்கு ஏறுவீர்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. 2021 ஜூனில், இணையத்தோடு இணைத்து வைத்திருந்த மை புக் லைவ் வன்தட்டுகள் உலகெங்கும் ஒரே இரவில் வெறுமையாயின. அவற்றுக்குக் கடைசியாகப் புதுப்பிப்பு வந்தது 2015-இல். வைத்திருந்தவர்கள் எல்லோரும் உங்களைப் போல, 'படங்கள் என் வீட்டில்தானே இருக்கின்றன' என்று நிம்மதியாகத் தூங்கியவர்கள்தாம். ஒவ்வொரு வாரமும் புதுப்பிப்பு போடுவது யார்? காப்பு நகல் எங்கே? அந்த நகலிலிருந்து படங்களை மீட்டெடுத்துப் பார்த்தது எப்போது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாதவர் பிள்ளைகளின் படங்களை வீட்டு சர்வரில் வைக்கக் கூடாது.

மூலநிரல்:

சன்பேர்ட் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் இரண்டையும் குழப்பித்தான் எழுதிவிட்டேன். ஆனால் அது சொந்த சர்வருக்கு ஆதரவான வாதமாகவே முடிகிறது. அதே மென்பொருள் இன்னொருவர் கணினியில் ஓடும்போது திரட்டுகிற தகவல், நம் வீட்டுக் கணினியில் ஓடினால் நம் வாசலைத் தாண்டாது.

மின்சாரக் கணக்கு சரியானது. ஆகவே பழைய மேசைக்கணினியை விட்டுவிட்டு, ராஸ்ப்பெரி பை போன்ற கையளவுக் கணினிப் பலகையை வாங்குங்கள். ஐந்து வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்தான். மை புக் லைவ் எடுத்துக்காட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நிறுவனம் கைவிட்ட பெட்டியை வாங்கியவர் எவரும் தாமாகத் திருத்த முடியாமல் போனதே அங்கு நடந்த அவலம். கட்டற்ற உலகில் நிலைமை வேறு: ஒருவர் கைவிட்டாலும் நிரலை எடுத்து வேறொருவர் தொடரலாம். ஓன்கிளவுட் என்னும் கோப்புச் சேமிப்பு மென்பொருளிலிருந்து 2016-இல் நெக்ஸ்ட்கிளவுட் பிரிந்தது; எம்பி (Emby) என்னும் காணொளி சர்வர் மென்பொருள் தன் நிரலை மூடிக்கொண்டபோது 2018-இல் ஜெல்லிஃபின் கிளைத்தது. வெளியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொட வேண்டுமென்றால் ரவுட்டரில் கதவைத் திறந்து வைக்க வேண்டிய தேவையும் இப்போது இல்லை; வீட்டுக்கு மறையாக்கம் செய்த தனிவழி அமைத்துத் தரும், 2020-இல் லினக்ஸ் கருவிலேயே சேர்ந்துவிட்ட வயர்கார்ட் இருக்கிறது.

நள்ளிரவுப்பணி:

வயர்கார்ட் நல்ல மென்பொருள்தான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பல வீட்டு இணைப்புகளுக்கு இணைய நிறுவனங்கள் தனிப் பொது இணைய முகவரி (ஐபி) தருவதில்லை. ஒரே முகவரிக்குப் பின்னால் ஒரு தெருவே நிற்கிறது. வெளியிலிருந்து அந்த வீட்டை நேராகத் தட்ட முடியாது. அதற்கு இடையில் இன்னொரு சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது வேறொரு நிறுவனத்தின் சேவையில் கணக்குத் தொடங்க வேண்டும். ஜவுளிக்கடைக்காரருக்கு இத்தனையையும் விளக்க நாம் எத்தனை பதிவுகள் எழுதப்போகிறோம்?

நெக்ஸ்ட்கிளவுட் பிரிந்தது நிரல் எழுதத் தெரிந்தவர்களால். பிரியும் உரிமை ஏட்டில் எல்லோருக்கும் உண்டு. ஆற்றல் எல்லோருக்கும் இல்லை.

திண்ணைப்பள்ளி:

அரசுப் பள்ளியில் இருபது ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் வாட் கணக்கையும் முகவரியையும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பது வயதுப் பெண் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று யாருமே கேட்கவில்லை.

பெரு நாட்டின் கிராமப்புறங்களில் 319 பள்ளிகளை வைத்து, பிள்ளைக்கொரு மடிக்கணினி தரும் திட்டத்தை இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் கணினிகளில் இருந்தது பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள்தான். கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. நம் ஊரில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமும் வந்தது. என் மாணவிகள் அதை ஒருமுறை தவறுதலாகத் திறந்து, "டீச்சர், கம்ப்யூட்டர் மாறிப்போச்சு" என்று ஓடி வந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

பக்கத்திலிருக்கும் கேரளத்தில் நடந்ததோ வேறு. அங்கு பள்ளிக்கூடக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியதோடு நிற்காமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அந்த மென்பொருளை வைத்தே பாடநூல் எழுதினார்கள், பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பத் தேர்வையும் அதிலேயே நடத்துகிறார்கள். மென்பொருள் இரு மாநிலங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சுற்றி மனிதர்கள் செய்த வேலைதான் வேறு.

வீட்டுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். கிவிக்ஸை நிறுவிவிட்டுத் தந்தை கடைக்குப் போய்விட்டால் பிள்ளை அதைத் திறக்காது. மாலையில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, "வைகை எங்கே உற்பத்தியாகிறது, தேடிப் பார்ப்போமா?" என்று கேட்டால் திறக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் நிறைவாக இருக்கின்றன. தமிழில் படிக்கும் பிள்ளைக்கென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் கதைகளையும், மாநிலப் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளையும் இறக்கி ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். அதற்குச் சர்வரே வேண்டாம்.

மூலநிரல்:

அம்மா, பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதன் முன்னால் உட்காருகிறோம் என்பதும் முக்கியமல்லவா? அதே அரை மணி நேரத்தை யூடியூபின் முன்னால் கழித்தால், வைகையில் தொடங்கிய தேடல் பத்தாவது நிமிடத்தில் பொம்மைப் பெட்டி பிரிக்கும் காணொளியில் போய் நிற்கிறது. என் மகன் பதினோரு வயதில் ராஸ்ப்பெரி பையின் அமைப்புக் கோப்பு ஒன்றைத் திருத்தி, மறுபடி இயங்காதபடி செய்துவிட்டான். திட்டாமல், நினைவக அட்டையை எடுத்து அதில் இயங்குதளத்தைப் புதிதாக எழுதக் கற்றுக்கொடுத்தேன். உடைத்துச் சரிசெய்யும் அந்தப் பாடத்தை எந்தச் செயலியும் தராது. செயலியை உடைக்கவே முடியாதே.

இரண்டாம்தளம்:

உடைத்துச் சரிசெய்வது பற்றிப் பேசுவதால் நானும் எழுதுகிறேன். என் கணவர் உங்களைப் போன்றவர்தான். எங்கள் வீட்டில் மூன்று ஆண்டுகள் சர்வர் ஓடியது. படங்கள், பிள்ளைகளின் பாடங்கள், விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் எல்லாம் அதில்தான் இருந்தன. அவர் ஆறு மாத வேலையாக வெளிநாடு போன இரண்டாவது வாரத்தில், மின்சாரம் போய் வந்ததில், சர்வராக இருந்த ராஸ்ப்பெரி பையின் நினைவக அட்டை பழுதாகிவிட்டது. பை-ஹோல் வழியாகத்தான் வீட்டின் இணையப் பெயர்த் தேடல் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைக் கண்டுபிடிப்பது) எல்லாம் நடக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஆகவே இணையமே போய்விட்டதென்று நினைத்து இணைப்புக்காரரை அழைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "லைன் நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகளுக்கு மறுநாள் ஆன்லைன் தேர்வு. நேர வித்தியாசத்தில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இரவு பதினொன்றரைக்கு அவர் எழுந்து, கைப்பேசித் திரையில் என்னை ஒவ்வொரு கட்டளையாகத் தட்டச்சு செய்ய வைத்தார். கடவுச்சொல் அவருடைய தலையில் மட்டும் இருந்தது. படங்களின் காப்பு நகல் இருந்தது என்னவோ உண்மைதான். அதே மேசையில், அதே பிளக்கில் செருகிய இன்னொரு வன்தட்டில்.

நீங்கள் எல்லோரும் 'நம் தகவல் நம் கையில்' என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் அது அவர் கையில் இருந்தது; எங்கள் கையில் இல்லை. நிறுவனத்தின் சேவையிலாவது என்னிடம் ஒரு கடவுச்சொல் இருந்தது. திரும்பி வந்ததும் அவரை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுத வைத்தேன்: எந்தப் பெட்டி எதற்கு, அணைந்தால் எதை முதலில் போடுவது, ரவுட்டரில் பழைய அமைப்புக்கு எப்படித் திரும்புவது என்று. இப்போது படங்கள் பணம் கட்டும் சேவையில் இருக்கின்றன. அவற்றின் நகல் ஒன்று என் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. கிவிக்ஸை மட்டும் விட்டுவைத்தேன், ஏனென்றால் அது போனால் அழ ஒன்றுமில்லை, மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

நள்ளிரவுப்பணி:

நான் சொல்ல நினைத்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். வேலை செய்யும் இடத்தில் இரவுப் பணிக்கு மாற்று ஆள் இல்லாமல் எந்தச் சர்வரையும் நாங்கள் ஓட்டுவதில்லை. வீட்டில் மட்டும் மாற்று ஆள் வேண்டியதில்லை என்று எப்படி நினைத்துக்கொண்டோமோ!

மூலநிரல்:

இதற்கு என்னிடம் விடை இல்லை. என் மனைவியிடம் கேட்டேன். அவருக்கும் கடவுச்சொல் தெரியாது. ஆனாலும் படங்களை வெளியே கொடுத்துவிடலாம் என்பதை இன்னும் ஏற்க மாட்டேன். நோட்டுப்புத்தகம் எழுதுவதே அதற்கு வழி. சர்வரை அணைப்பது அல்ல.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. படங்களைச் சர்வரில் வைக்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டேன். கட்டணத்தையும் தொடர்ந்து கட்டுவேன், வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்துத் தம்பி வீட்டிலும் வைப்பேன். பரணிலிருந்த கணினியை இறக்கி டெபியன் லினக்ஸும் ஜிகாம்ப்ரியும் கிவிக்ஸும் நிறுவியிருக்கிறேன். அதை எந்நேரமும் ஓடவிடப்போவதில்லை. மாலை ஏழு முதல் எட்டு வரை மட்டும்தான். திண்ணைப்பள்ளி அம்மா சொன்ன வைகைக் கேள்வியோடுதான் தொடங்கினோம். மகள் வருசநாட்டு மலையிலிருந்து தொடங்கி முல்லைப் பெரியாறு வரை போய்விட்டாள். மகனோ டக்ஸ் பெயின்டில் எல்லா ஆற்றுக்கும் சிவப்பு நிறம் அடித்துக்கொண்டிருக்கிறான். கணினியை அணைக்கும் பொறுப்பை மகளிடமே கொடுத்திருக்கிறேன். என் மனைவியும் ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்த்துவிட்டார். ஓடும்போது உள்ளே மட்டும் அவ்வப்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது.

நள்ளிரவுப்பணி:

அந்தச் சத்தம் பெரும்பாலும் 2012-ஆம் ஆண்டு வன்தட்டிலிருந்து வருகிறது; அது பழுதாகப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். அதில் பழைய படங்கள் ஏதாவது மிச்சமிருந்தால் இன்றைக்கே வேறிடத்துக்கு எடுத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) ஒன்றை வாங்கி மாட்டுங்கள். கழற்றுவதை மகளும் பார்க்கட்டும்.