நிலவறையின் வெறும் கான்கிரீட் சுவருக்கு எந்தப் பெயிண்ட் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டு நிலவறையின் சுவர்கள் பூச்சுவேலை எதுவும் இல்லாமல், வார்ப்புப் பலகை பிரித்த நிலையிலேயே வெறும் கான்கிரீட்டாக இருக்கின்றன. அந்த அறையில் புத்தகங்களை அடுக்கி, படிக்கும் இடமாகவும் பயன்படுத்த விரும்புகிறோம். சுவரைத் தடவினால் சாம்பல் நிறத் தூசி கையில் ஒட்டுகிறது; தரையை ஒட்டிய பகுதியில் மட்டும் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. தண்ணீர் வழிந்து பார்த்ததில்லை. எபாக்சிதான் (இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் பிசின் பெயிண்ட்) உறுதியானது என்று ஒருவரும், சாதாரண எமல்ஷனே போதும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? அதற்கு முன் சுவரை எப்படித் தயார் செய்வது?

மறுமொழி 1

நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடி, சுவரில் உப்பு பூத்திருப்பதன் அடையாளமாகவே தெரிகிறது. வெளிப்புற மண்ணிலுள்ள ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஊர்ந்து வந்து, வழியில் கரைத்துக்கொண்ட உப்புகளைச் சுவரின் மேற்பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகிவிடுகிறது. எனவே தண்ணீர் வழியவில்லை என்பதால் மட்டும் சுவர் காய்ந்திருக்கிறது என்று கொள்ள முடியாது.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். சுமார் 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு மருந்து காற்றோட்டமே தவிர பெயிண்ட் அல்ல. கீழே ஓரிடம், மேலே ஓரிடம் என இரண்டு இடங்களில் பார்ப்பது நல்லது. மழைக்காலத்தில் பார்த்தால் உண்மை நிலை இன்னும் தெளிவாகத் தெரியும்.

எபாக்சி உறுதியானதுதான், ஆனால் அது ஈரத்தை வெளியே விடாத படலம். பின்னாலிருந்து ஈரம் தள்ளும் சுவரில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும். எண்ணெய் சார்ந்த எனாமலை அறவே தவிர்த்துவிடுங்கள். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை pH 12-ஐயும் தாண்டும். ஈரத்தோடு சேர்ந்த அந்தக் காரம், பெயிண்டில் உள்ள எண்ணெயைச் சவர்க்காரமாக்கிப் பிசுபிசுக்கச் செய்துவிடும். காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கோட், அதன்மேல் நீராவியை ஓரளவு வெளியேறவிடும் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட் என்பதே என் தேர்வு. சிலிக்கேட் பெயிண்ட் கிடைத்தால் அது இன்னும் மேல். அது மேலே படலமாக நிற்காமல் கான்கிரீட்டோடு வினைபுரிந்து பிணைந்துவிடுகிறது.

மறுமொழி 2

பலகை பிரித்த சுவர் என்பதால் ஷட்டரிங் எண்ணெயையும், அதாவது கான்கிரீட் ஒட்டாமலிருக்கப் பலகையில் தடவும் எண்ணெயையும், கவனியுங்கள். சுவரில் சில துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உறிஞ்சினால் சரி, முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். உப்பை மட்டும் முதலில் உலர்ந்த கம்பி பிரஷால் தேய்த்து அகற்றிவிடுங்கள். நேரே தண்ணீர் ஊற்றினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். கான்கிரீட் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகக்கவசம் அவசியம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சோதித்ததில், மேலே ஒட்டிய தாள் இருபக்கமும் உலர்ந்திருந்தது. கீழே ஒட்டியதில் பின்பக்கம் முழுவதும் துளிகள் கோத்திருந்தன. அந்தப் பகுதிக்கு மட்டும் நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

மறுமொழி 3

அடிக்கலாம், ஆனால் வெளியே செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுங்கள். மழைநீர்க் குழாய் சுவரின் அடியிலேயே கொட்டுகிறதா, மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்தினாலே பல இடங்களில் கசிவு பெருமளவு குறைந்துவிடுகிறது. பிறகு உள்ளே, தரையும் சுவரும் சேரும் மூலையில் வெடிப்பு இருந்தால், விரைவில் இறுகி விரிவடையும் தன்மையுள்ள நீரடைப்புச் சிமென்ட்டால் நிரப்புங்கள்.

கீழ்ப்பகுதிக்குச் சிமென்ட் சார்ந்த நீர்த்தடுப்புப் பூச்சே ஏற்றது. பழைய பெயிண்டின் மேல் அது பிடிக்காது. உங்கள் சுவர் வெறுமையாக இருப்பது இந்த வகையில் நல்வாய்ப்பு. சுவரை இலேசாக நனைத்துவிட்டு, ரோலரைக் காட்டிலும் கெட்டியான பிரஷால், ஒவ்வொரு நுண்துளையிலும் அழுந்தும்படி தேய்த்துப் பூச வேண்டும். ஈரம் தென்பட்ட உயரத்தோடு நிறுத்தாமல் அதற்குச் சற்று மேல்வரை கொண்டுபோங்கள். அது நன்கு இறுகிய பின் சுவர் முழுவதற்கும் எமல்ஷன் அடிக்கலாம். எப்படி அடித்தாலும், புத்தக அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், பின்னால் காற்று நடமாட இடைவெளி விடுங்கள்.