ஊருக்கு இலவசமாகப் படம் போட்டால் செலவு யார் தலையில்?

படுவான்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு ஊரின் விளையாட்டுக் கழகத்தில் செயலாளராக இருக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் வாரம் ஒரு இரவு ஊருக்குப் பொதுவாகப் படம் போட வேண்டும் என்று பொடியன்கள் ஒற்றைக்காலில் நிற்கிறாங்கள். புறொஜெக்டர் ஒருவரிடம் இருக்கிறது. சவுண்ட் செட், கதிரை, ஜெனரேற்றர் வாடகை, இதுகளுக்குத்தான் காசு வேணும். டிக்கெட் போட விருப்பமில்லை. டிக்கெட் போட்டால் வரவேண்டிய சனம் வராது.

சித்திரை விளையாட்டு விழாவுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கியாச்சு. திரும்பவும் போனால் எங்களைக் கண்டதும் ஷட்டரை இழுத்துவிடுவாங்கள். பிரதேச சபைக்குப் போய்க் கேட்டால் 'அதுக்கு எங்களிட்டத் தலைப்பு இல்லை தம்பி', அதாவது பாதீட்டில் (பட்ஜெட்டில்) அப்படி ஒரு செலவுக் கணக்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மச்சான் ஒருவன் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இருக்கிறான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்களில் கோடை முழுக்கத் தெருவில் சும்மா படம் போடுவாங்களாம். பூங்காவில் பேண்ட் வாசிப்பாங்களாம், அது இப்பவும் நடக்குதாம். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்கள். அவங்கள் காசை எங்கிருந்து எடுத்தாங்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

அக்கரைப்பற்றுக் கடைக்காரன்:

தம்பி, ஷட்டர் கதை சரிதான், நானும் இழுத்திருக்கிறேன். ஒரு மாதத்தில் எங்கள் மேசைக்கு வரும் பற்றுச்சீட்டுப் புத்தகங்களை நீங்கள் பார்க்க வேண்டும். பள்ளிவாசல், கோயில், கழகம், பாடசாலை, மையத்து வீடு. கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்கிறோம். ஆனால் நன்கொடை என்று வந்தால் வருசத்தில் ஒருதரம்தான். வியாபாரம் என்று வந்து பேசினால் நான் கணக்குப் பார்ப்பேன். படம் போடும் இடம் கடைத்தெருவில் இருந்து எவ்வளவு தூரம்? சனம் வீட்டில் இருந்து நேரே மைதானத்துக்குப் போய் நேரே வீட்டுக்குத் திரும்புமா, இல்லை என் கடை வாசலைத் தாண்டிப் போகுமா? சிறுபோக வெட்டுக்கு முன்னமா, பின்னமா? நெல் விற்ற காசு கையில் இருந்தால்தான் சனம் சேலைக் கடைக்குள் ஏறும். இதையெல்லாம் சொல்லிக் கேட்டால் நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுவேன்.

ஓய்வுபெற்ற சிறாப்பர், கல்லடி:

தம்பி, உங்கள் மச்சான் ஊர்க் கதையில் பாதி, மேலே கடைக்காரக் காக்கா கேட்ட கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது. நான் உள்ளூராட்சி மன்றங்களில் சிறாப்பராக, அதாவது காசாளராக இருந்து, பிறகு கணக்குக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன். மற்ற ஊர்ப் பாதீட்டை வாசிப்பது இன்னும் விடாத பழக்கம். வீட்டில் அதற்கு ஏச்சும் கிடைக்கும்.

படத்தையும் பேண்டையும் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் காசு வந்த வழி வேறு.

படம் அநேகமான ஊர்களில் சபையின் செலவே இல்லை. கடைக்காரர் போட்ட காசு. பலசரக்குக் கடை, இரும்புக் கடை, வங்கி என்று ஒவ்வொருவரும் வாரத்துக்கு இவ்வளவு என்று பங்கு போடுவார்கள். 16 மில்லிமீற்றர் புறொஜெக்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒருவன் வருவான். திங்கள் ஒரு ஊர், செவ்வாய் அடுத்த ஊர், கோடை முழுக்க அவனுக்கு அதுதான் பிழைப்பு. கட்டிடம் ஒன்றின் பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்திருக்கும், இல்லாவிட்டால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் துணி. சனம் பலகையிலும் புல்லில் விரித்த போர்வையிலும் இருக்கும். புதுப்படம் கிடையாது. பழைய குதிரைச் சண்டைப் படம், ஒரு கார்ட்டூன், அப்புறம் வாராவாரம் தொடரும் துண்டுப் படம். நாயகன் மலை விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்க இந்த வாரம் முடிந்துவிடும். அடுத்த வாரமும் பிள்ளைகள் தாய் தகப்பனை இழுத்துக்கொண்டு வரத்தான் அந்த ஏற்பாடு.

கடைக்காரனுக்கு இதில் என்ன கிடைத்தது? ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் நன்றாக இருட்ட ஒன்பது மணியாகும். விவசாயக் குடும்பம் பொழுது சாயமுன் முட்டையும் பாலாடையும் கொண்டுவந்து விற்றுவிட்டு, அந்தக் காசோடு படம் தொடங்கும் வரை கடைத்தெருவிலேயே நிற்கும். கடைகளும் பிந்தித்தான் மூடும். இன்னொன்று, பல ஊர்களில் சனிக்கிழமையை விட்டுவிட்டு வாரத்தின் நடுவில் படம் போட்டார்கள். சனிக்கிழமை எப்படியும் சனம் வரும். புதனிலும் வியாழனிலும் ஈயோட்டும் கடைக்குத்தான் படம் தேவை. தியேட்டர் முதலாளிகளுக்கு இதில் வயிற்றெரிச்சல். 1944இல் இருந்து அவர்களுடைய டிக்கெட்டில் 20 வீதம் மத்திய அரசின் வரி, தெருவில் போடுகிறவனுக்கு டிக்கெட்டும் இல்லை வரியும் இல்லை.

மறுகா அந்தக் காசு ஏன் நின்றது? ரீவி. 1948 முதல் 1952 வரை புதிய ஒளிபரப்பு நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை அமெரிக்க அரசு நிறுத்தி வைத்திருந்தது. அதனால் கிராமப்புறத்துக்கு ரீவி பிந்திப் போனது, தெருப்படமும் அங்கே கொஞ்சக் காலம் கூட ஓடியது. 1950இல் பத்து வீட்டில் ஒரு வீட்டில்கூட ரீவி இல்லை. 1960இல் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீட்டில் இருந்தது. காருக்குள் இருந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர்கள் வேறு, 1950களின் கடைசியில் நாலாயிரம் அளவில். றோட்டும் திருந்தி வீட்டுக்கு வீடு காரும் வந்த பிறகு சாமான் வாங்கவே சனம் பெரிய ஊருக்குப் போனது. கடைக்காரன் கணக்கைப் பார்த்தான், கையை எடுத்துவிட்டான். அவனைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேண்டுக்கு வருவோம். அயோவா 1921இல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. சனத்தொகை நாற்பதாயிரத்துக்குக் குறைந்த ஊர், பேண்ட் வைத்திருக்க ஆதன வரியோடு இரண்டு மில் வரை சேர்த்து அறவிடலாம். ஒரு மில் என்றால் வரி மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 3,000 டொலர் மதிப்புப் போட்ட வீட்டுக்கு இரண்டு மில்லும் சேர்த்து வருசத்துக்கு 6 டொலர். சபை நினைத்தபாட்டுக்குப் போட முடியாது. வாக்காளரில் பத்து வீதம் பேர் கையெழுத்து வைத்துக் கேட்க வேண்டும், பிறகு வாக்கெடுப்பில் ஊர் ஓம் சொல்ல வேண்டும். நிறுத்துவது என்றாலும் அதே வழிதான். அந்தக் காசைப் பேண்டைத் தவிர வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்காக அலைந்தவர் ஜோர்ஜ் லாண்டர்ஸ் என்ற பேண்ட் தலைவர். ஃபோர்ட் டொட்ஜ் ஊரின் பேண்டை 1971இல் சாகும் வரை நடத்திய கார்ல் கிங் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஒரு அணிநடை இசை எழுதினார். வரிச் சட்டத்துக்கு மெட்டுப் போட்ட மனிசன்! நம் சபை உபவிதி ஒன்றுக்கு யாராவது காவடிச் சிந்து பாடட்டும் பார்ப்போம்.

யுத்த காலத்தில் ஆளும் இரும்பும் கிடைக்காமல் ஒத்திவைத்த வேலை எல்லாம் 1945க்குப் பிறகு அந்தச் சபைகளின் வாசலில் வந்து நின்றன. தண்ணீர்க் குழாய், கழிவுநீர், தெரு. அந்த நெருக்கடியில் முதலில் வெட்டு விழுவது பாட்டுக்கும் கூத்துக்கும்தான். பேண்டின் காசு தனிப் பெட்டியில் இருந்ததால் கை வைக்க முடியவில்லை. தெருவில் பார்க்கிங் மீற்றர் நட்டும் காசு பார்த்தார்கள். முதல் மீற்றர் 1935இல் ஒக்லஹோமா சிட்டியில், யுத்தத்துக்குப் பிறகு சின்ன ஊர்களுக்கும் வந்தது. கடைக்காரன் படம் போட்டுச் சனத்தைக் கூப்பிடுவான், சபை அதே தெருவில் காருக்குக் காசு கேட்கும். எந்த நாட்டிலும் சபை சபைதான்.

உங்கள் சபைக்கு வருகிறேன். தலைப்பு இல்லை என்று சொன்னவரை ஏசாதீர்கள். பாதீட்டில் இல்லாத செலவுக்குக் காசு கொடுத்தால் கணக்காய்வு அவருடைய கழுத்தைத்தான் பிடிக்கும். 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, அபிவிருத்தியடைந்த இடம் என்று பிரகடனம் செய்த பகுதியில்தான் ஆதன வரி. வயலும் குளமுமான ஊர்களில் அதில் என்ன தேறும்? சந்தைக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம், முத்திரைத் தீர்வை என்று பொறுக்கித்தான் சபை ஓடுகிறது.

ஆனால் ஒரு வாய்க்கால் இருக்கிறது. டிக்கெட் போட்டுக் காணிவேல், இசை நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் சபை களியாட்ட வரி வாங்குகிறது. அதில் ஒரு பங்கை ஊர்ப் பொது நிகழ்ச்சிக்கு என்று தனித் தலைப்பாகப் போடச் சொல்லுங்கள். சின்னத் தொகைதான் வரும். தலைப்பு ஒன்று விழுந்தால் போதும், பிறகு அதை அழிப்பதற்கு ஒரு ஆள் சபை அமர்வில் எழும்பி நின்று பேச வேண்டும். எழும்ப மாட்டார்கள்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்:

காசைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் எண்பதுகளில் டவுனில் இருந்து ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்து, விடிய விடியப் படம் போட்டவர்கள். பெண்கள் பாயோடு வந்து ஒரு பக்கமாக இருந்து பார்த்தோம். அப்புறம் ஊரடங்கும் இருட்டுமாகப் போய், இரவில் வெளியே போவது என்ற பழக்கமே ஒரு தலைமுறைக்கு விட்டுப்போனது. இப்பவும் ஏழு மணிக்குப் பிறகு தாய்மார் பிள்ளைகளோடு மைதானத்துக்கு வருவதென்றால் போகிற வழியில் லைற் எரிய வேண்டும், பக்கத்தில் கழிவறை இருக்க வேண்டும். ஜெனரேற்றரை விட அதுதான் முதல் செலவு தம்பி.

இலவசப் படம் நமக்கும் புதிதில்லை. 1948இல் அரச திரைப்படப் பிரிவு தொடங்கின பிறகு அதன் விவரணப் படங்களை வண்டியில் கொண்டுவந்து ஊர் ஊராகக் காட்டுவார்களாம், அப்பா சொல்லுவார். அங்கே கடைக்காரன், இங்கே அரசாங்கம். காசு போட்டவனுக்குப் பிடித்த படம்தான் ஓடும், அதையும் யோசியுங்கள்.

ஓய்வுபெற்ற சிறாப்பர், கல்லடி:

ரீச்சர் சொன்ன லைற்றுக்குத் தலைப்பு இருக்கிறது! தெருவிளக்குப் பராமரிப்பு. அதற்குத் தனியாக ஒரு கடிதம், படத்தோடு சேர்க்காதீர்கள். படத்தோடு சேர்த்தால் இரண்டும் ஒரே கோப்பில் கிடந்து தூங்கும்.

நடமாட்டப் பயம் அங்கேயும் இருந்தது. 1952 கோடையில் போலியோ அமெரிக்கா முழுக்க ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆட்களைப் பிடித்தது, பெரும்பாலும் பிள்ளைகள். நீச்சல் குளங்களை மூடினார்கள். பல தாய்மார் பிள்ளைகளைச் சனக்கூட்டத்துக்கே விடவில்லை. 1955இல் தடுப்பூசி வந்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

அக்கரைப்பற்றுக் கடைக்காரன்:

ஐயா, அந்தக் காலத்து அமெரிக்கனை எங்கள் வாப்பா கிட்ட நின்று பார்த்தவர். 1949இல் தொடங்கின கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலை அணையைக் கட்டினது மொறிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனிதானே, அங்கே மண் வேலைக்குப் போனவர். சம்பள நாளில் கடைகள் நேரத்துக்கு மூடாது என்பார். கடை திறந்திருக்கிற நேரத்தைத்தான் தம்பி முதலில் பேசி முடிக்க வேண்டும்.

சவுண்ட் செட் காரன், ஆரையம்பதி:

ஒரே ஒரு விசயம். ஓகஸ்டில் கச்சான் காற்று. மைதானத்தில் துணி கட்டினால் கப்பல் பாய் மாதிரி இழுத்து இரண்டு கம்பத்தையும் சனத்துக்கு மேல் சாய்த்துவிடும். சுவர் பாருங்கள். ஸ்பீக்கர் பெட்டியைக் காற்று வரும் பக்கத்தில் வைத்தால்தான் பின்னால் இருக்கிறவருக்கும் சத்தம் போகும்.

படுவான்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டிடத்தின் பக்கச் சுவர் ஒன்று சந்தைக்கு நேரே இருக்கிறது, ஜன்னல் இல்லாதது. மைதானத்தை விட்டுவிட்டு அங்கே போடலாம் என்று கொமிற்றியில் பேசினோம். தெருவிளக்கும் இருக்கு, சந்தைக் கழிவறையும் இருக்கு. சிறாப்பர் ஐயா, கடிதம் எப்போது, யாருக்கு?

ஓய்வுபெற்ற சிறாப்பர், கல்லடி:

தவிசாளருக்கு முகவரியிட்டு, சபைச் செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒவ்வொரு பிரதி. 2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல் வரை சபைகளில் உறுப்பினரே இல்லை, அப்போது கேட்டிருந்தால் உங்களுக்காகப் பேச ஆள் இருந்திருக்காது. இப்போது இருக்கிறார், வேலை வாங்குங்கள். அடுத்த வருசப் பாதீடு மார்கழிக்குள் நிறைவேற வேண்டும், வரைவு அதற்கு எவ்வளவோ முதல் எழுதியாகிவிடும். செப்டெம்பர் முடியமுன் கடிதம் உள்ளே போக வேண்டும். கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

கடிதத்தில் தொகையை எழுதுங்கள். 'இயன்ற உதவி' என்று எழுதினால் இயலாது என்று பதில் வரும். கழகத்தின் பெயரை விட சனசமூக நிலையத்தின் பெயரில் கேட்பது நல்லது, அவைகளுக்கு உதவு தொகை கொடுக்கிற வழக்கம் சபைகளில் இருக்கிறது. இந்த ஓகஸ்டுக்குக் கடைக்காரர்தான் கதி. காக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதிலோடு போங்கள், பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு.

படுவான்கரைப் பொடியன்:

நேற்றுச் சந்தைக் கடைகளுக்குப் போய் எந்த நாளில் வியாபாரம் குறைவு என்று மட்டும் கேட்டோம், காசு கேட்கவில்லை. எல்லாரும் செவ்வாய் என்றார்கள். செவ்வாய்க்கிழமை படம் என்றால் ஒன்பதரை வரை கடை திறந்து வைக்கலாம் என்று புடவைக் கடை முதலாளியே சொன்னார். ஜெனரேற்றர் வாடகையைப் பங்கு போடுவது பற்றிப் பேச ஞாயிறு பின்நேரம் வரச் சொல்லியிருக்கிறார்.