பின்னால் ஜோடி டயர் போடும்போது நான் செய்த தவறு

"முன்னாடி மட்டும் நல்ல டயரா பாத்துப் போடுங்க, பின்னாடி எதைப் போட்டாலும் ஓடும்" என்று லாரி டயர் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். முன் டயர் விஷயத்தில் அவர் சொல்வது சரி. பின்னால் எதையும் போடலாம் என்று நினைத்ததால் எனக்கு ஒரே நாளில் இரண்டு டயரும் ஒரு டிஸ்க்கும் (டயர் மாட்டும் இரும்புச் சக்கரம்) போயின. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பத்துச் சக்கர டாரஸ் லாரி, டயர் சைஸ் 10.00 ஆர் 20. பின்னால் ஒவ்வொரு பக்கமும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று டயர்கள் ஜோடியாக இருக்கும். சொந்த ஊர் கடலூர். இடது பக்கம் ஹவுசிங்கில் (இன்ஜின் இழுக்கும் பின் ஆக்சில்) வெளி டயர் ஆணி ஏறி வீணாகிவிட்டது. உள்ளே இருந்தது பாதிக்கு மேல் தேய்ந்த டயர். ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி வெளியே மாட்டச் சொன்னேன். மாட்டியவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே மாதம். அரியலூரில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு விருத்தாசலம் வழியாகப் புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்தேன். வடலூர் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. ஓரம் கட்டலாம் என்று இடம் பார்ப்பதற்குள் புது டயர் வெடித்தது. மொத்தப் பாரமும் உள் டயர் மேல் இறங்க, நான் வண்டியை நிறுத்துவதற்குள் அதுவும் போய்விட்டது. பக்கத்தில் பைக்கில் யாரும் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த பஞ்சர் கடைப் பெரியவர் கிழிந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டும் ஒரே ஹப்புல பூட்டியிருக்கு. ஒண்ணு வேகமா, இன்னொண்ணு மெதுவா சுத்த முடியுமா?"

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) ஆழத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர். சுற்றளவில் கிட்டத்தட்ட 38. இந்த சைஸ் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 300 சுற்று சுற்றும். அப்படியென்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 11 மீட்டர் வரை இரண்டில் ஒன்று ரோட்டில் இழுபட்டுத் தேய்ந்தாக வேண்டும். அது போக, உயரமான டயர்தான் பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கும். கத்திரி வெயிலில் அது எப்படித் தாங்கும்?

டயர் பக்கவாட்டில் 146/143 என்று போட்டிருப்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? தனியாக மாட்டினால் 3000 கிலோ, ஜோடியாக மாட்டினால் ஒவ்வொன்றும் 2725 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். ஜோடியில் பாரம் சரிபாதியாகப் பிரியாது என்று தெரிந்துதான் கம்பெனியே குறைத்துப் போட்டிருக்கிறது. அதற்கு மேல் நாமும் உயரம் மாற்றி மாட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

இப்போது ஜோடி சேர்க்கும் முன் பட்டன் ஆழத்தை அளந்துவிடுவேன். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேர்ப்பதில்லை. சின்ன வித்தியாசம் இருந்தால் தேய்ந்தது உள்ளே, உயரமானது வெளியே. லோடு ஏறும்போது ஹவுசிங் லேசாக வளைந்து உள் டயர்தான் கூடுதலாக அழுந்தும், பிரேக் டிரம் சூடும் அதற்குத்தான் அதிகம். நைலான் டயரையும் ரேடியல் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்கவே மாட்டேன்.

முன்னால் நீளக் கோடு போட்ட ரிப் டயர். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்து ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கோடுகள் வழியாகத் தண்ணீர் வெளியேறும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். இழுக்கிற ஹவுசிங்கில் பட்டன் டயர். முன் டயர் பாதி தேய்ந்ததும் டம்மிக்கு (இழுக்காமல் பாரம் மட்டும் தாங்கும் பின் ஆக்சில்) மாற்றிவிடுவேன். ரீட்ரெடிங் செய்த (தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டிய) டயரை எவ்வளவு அவசரமாக இருந்தாலும் முன்னால் போடாதீர்கள்.

இன்னொன்று. டீசல் விலை குறைவு என்று புதுச்சேரி பங்க்கில் நாம் எல்லோரும் வரிசையில் நிற்கிறோம். அந்த நேரத்தில் இறங்கி ஒவ்வொரு டயரையும் ராடால் தட்டிப் பாருங்கள். உள் டயரில் காற்று இறங்கியிருந்தால் வெளியே இருந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் மாறும். காற்று அளவைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது.

—

வில்லியனூர் டயர் கடையில் வேலை செய்யும் ஒருவரின் பதில்:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. மாட்டுகிறவன் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஜோடியில் இரண்டு வால்வும் எதிரெதிரே வரும்படி மாட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் உள் டயருக்குக் காற்று அளக்கும் கேஜ் வைக்கக் கை போகும். கை போகவில்லை என்றால் ஓட்டுநர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

அடுத்து, ஜோடியில் ஒன்று பஞ்சர் ஆனாலும் நட்டைக் கழற்றும் முன் இரண்டிலும் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள். உள் டிஸ்க்கில் விரிசல் இருந்தால், நட்டு தளர்ந்ததும் டயரை டிஸ்க்கில் பிடித்துவைக்கும் லாக் ரிங் தெறித்துவிடும். எங்கள் கடைக்கு இருட்டிய பிறகு வந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று நிற்கிறவர்களிடமும் நான் இதற்கு மட்டும் நேரம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.