புதுப்பிப்பு: நாயின் தோலுக்குத் தேங்காய் எண்ணெய்

எங்கள் நாய்க்குப் பாதத்தில் வெடிப்பு, வால் பக்கம் ஓயாத அரிப்பு; தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பாதம் நன்றாகவே மென்மையாகிவிட்டது. விரல் நுனியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்துவிட்டு, எண்ணெய் ஊறும்வரை விளையாட்டுக் காட்ட வேண்டும். விட்டால் மொத்தத்தையும் நக்கிவிடும். அரிப்பு மட்டும் குறையவே இல்லை. டாக்டர் சீப்பால் வாரிக் காட்டினார்: தெள்ளுப்பூச்சி! அதற்கான மாத்திரை கொடுத்த பிறகுதான் அடங்கியது.

சாப்பாட்டில் கலக்கச் சொன்னவர்களுக்கு: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, முழுக்கக் கொழுப்பு. சின்ன நாய்க்கு அது கொஞ்சநஞ்சமல்ல. வயிற்றுப்போக்கு வரலாம், கணைய அழற்சி வந்த நாய் என்றால் கொடுக்கவே கூடாதாம். தோல் பளபளக்கும் என்கிறீர்கள், ஆனால் நாயின் தோலுக்கு அவசியமான லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்து இதில் மிகக் குறைவு. அந்த விஷயத்தில் சூரியகாந்தி எண்ணெய் எவ்வளவோ மேல். ஆகவே எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் பாதத்தோடு சரி.

ஒருவர் டீ ட்ரீ ஆயிலையும் (ஒரு மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெய்) சேர்க்கச் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் அது நஞ்சு.