மதிப்பெண் பார்த்து ஒயின் வாங்கியவர்களின் அனுபவங்கள்

சான் ஹோசேயிலிருந்து:

சில ஆண்டுகளுக்கு முன், விருந்துக்கு வரவிருந்த மேலதிகாரிக்காக, 95 மதிப்பெண் என்று அட்டை தொங்கவிட்டிருந்த, கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்த கபர்னே சாவினியோன் என்ற சிவப்பு ஒயின் ஒன்றை, என் வழக்கமான செலவைப் போல் நான்கு மடங்கு கொடுத்து வாங்கினேன். முதல் வாயிலேயே, பச்சை வாழைக்காயைக் கடித்தது போல் ஈறு இழுத்துக்கொண்டது. உடன் மிளகாய் தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் இருந்ததால் துவர்ப்பும் சாராயக் காரமும் இன்னும் கூடித் தெரிந்தன. எனக்குத்தான் ரசனை இல்லை என்று அன்று வெகுவாக வருந்தினேன்.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1978-இல் ‘தி வைன் அட்வகேட்’ இதழைத் தொடங்கிய அமெரிக்க ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பரவலாக்கிய 100 மதிப்பெண் முறையில் கணக்கே 50-இலிருந்துதான் தொடங்குகிறது. நிறம், மணம், சுவை ஆகியவற்றுடன், அந்த ஒயின் இன்னும் எத்தனை ஆண்டுகள் வைத்திருந்து மெருகேறத்தக்கது என்பதும் அதில் சேர்த்து மதிப்பிடப்படுகிறது. நான் திறந்ததோ மூன்று வயதுப் புட்டி. அதற்குக் கிடைத்த 95-இல் ஒரு பகுதி, பத்து ஆண்டுகள் கழித்து அது அடையவிருந்த பக்குவத்துக்கு உரியது என்றே இப்போது கருதுகிறேன்.

ட்ரியரிலிருந்து:

இங்கே ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில் ஒரு சிறு திராட்சைத் தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது, அதன் உரிமையாளரான அம்மையார் மதிப்பெண் எதையும் சொல்லாமல் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் இரண்டு ஒயின்களை ஊற்றி, எதை இன்னொரு முறை குடிக்கத் தோன்றுகிறது என்று மட்டும் கேட்டார். ‘ட்ரோக்கன்’, அதாவது இனிப்பில்லாதது, என்று எழுதியிருந்த முதலாவதில் 12 சதவீத ஆல்கஹால்; ‘கபினெட்’ என்ற இலேசான தர வகையைச் சேர்ந்த இரண்டாவதில் 8.5 மட்டுமே. சர்க்கரை முழுவதும் நொதித்து ஆல்கஹாலாக மாறுவதற்குள் நொதித்தலை நிறுத்திவிடுவதால், இரண்டாவதில் இனிப்புத் தங்கிவிடுகிறது என்று விளக்கினார். ஆனால் எனக்குப் பிடித்தது இனிப்பைவிட அதை ஏந்தி நின்ற புளிப்புத்தான்; வாயின் இரு ஓரங்களிலும் எச்சில் ஊறியது. திராட்சையின் முக்கிய அமிலமான டார்டாரிக் அமிலமே நம் புளியிலும் இருக்கிறது என்று அறிந்தபோது, ரசம் குடித்து வளர்ந்த நாக்கு எதைத் தேடியது என்பது விளங்கியது. துவர்ப்பு, புளிப்பு என்று தனித்தனிச் சொற்கள் நம் மொழியில் இருக்கும்போது, கடையில் அவற்றைச் சொல்லிக் கேட்க நாம் ஏன் தயங்குகிறோம் என்று அடிக்கடி எண்ணுவேன். இப்போதெல்லாம் புட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் ஆல்கஹால் சதவீதத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். ரீஸ்லிங்கைப் பொறுத்தவரை, இனிப்பு எவ்வளவு இருக்கும் என்பதை அது பெரும்பாலும் சரியாகவே காட்டிவிடுகிறது.

சாக்ரமெண்டோவிலிருந்து:

சான் ஹோசே நண்பர் தம் ரசனையைக் குறைகூறிக்கொள்ள வேண்டியதே இல்லை. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் ஒயின் தயாரிப்பாளர் ராபர்ட் ஹாட்ஜ்சன் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நடுவர்களுக்கு ஒரே புட்டியின் ஒயின் அவர்கள் அறியாமல் மூன்று முறை ஊற்றப்பட்டது; ஏறத்தாழ பத்தில் ஒருவரே ஒத்த மதிப்பெண்ணைத் திரும்பத் தந்தார். இருந்தும் நான் விமர்சனங்களை விடாமல் படிக்கிறேன், எண்ணை விட்டுவிட்டு அதன் கீழே உள்ள வரிகளை. என் நாக்கோடு ஒத்துப்போகிற ஒரே ஒரு விமர்சகரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

குடித்ததை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதியும் வைக்கிறேன். சென்ற சனிக்கிழமைக் குறிப்பு இது: “போஜொலே (பிரான்ஸின் சிவப்பு ஒயின்), கமே திராட்சை, ஆல்கஹால் 12.5 சதவீதம். குளிர்பெட்டியில் இருபது நிமிடம் வைத்தது. துவர்ப்பு மிகக் குறைவு, நாவற்பழத்தின் மணம். எண்ணெய்க் கத்திரிக்காயுடன் நன்றாக இருந்தது. மீண்டும் வாங்க வேண்டும்.”